நான் காட்டாத ஓகே

1

என் மகள் மெலனி என்னோடு பேசுவதை நிறுத்தி இன்றோடு நான்கு நாட்கள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், என் அக்கா ரீட்டாவின் மூன்றாம் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு குளியலறை. இரண்டு பேர் கோபித்துக் கொண்டு இருப்பதற்கு இடம் போதாத வீடு. குளியலறை வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் ஒரே பக்கமாக ஒதுங்கி, மறுபடியும் முட்டிக் கொள்கிறோம்.

சாப்பாட்டு மேசையில் அக்காதான் இடைத்தரகர்.

"தம்பி, அவளுக்குத் தயிர் வேணுமா எண்டு கேள்."

"நீயே கேளன் அக்கா."

"நான் கேட்டா 'நோ தேங்க்ஸ்' எண்டாவது சொல்றாள். நீ கேட்டா அதுவும் இல்ல. அப்பிடி என்னடா செய்தாய் பிள்ளைக்கு?"

என்ன செய்தேன் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. பேர்கனில் இருக்கும் மனைவியிடமும் சொல்லவில்லை. இன்னும் ஐந்து நாளில் விமானம். இதே முகத்தோடு இருவரும் நோர்வேக்குத் திரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து கடலுக்குள் இறங்குவது முடிந்துவிடும். எனக்கும் மகளுக்கும் மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். அதனால் பயந்து போய் இருக்கிறேன். வழக்கமாகப் பனியைப் பற்றியும் விசாப் பத்திரங்களைப் பற்றியும் அங்கிருந்து இங்குள்ள பத்திரிகைக்கு எழுதுகிறவன், இந்த முறை இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். வீட்டிலிருந்து நடந்து போனால் துறைமுகம். அப்பா அங்கே கிளார்க். அப்படிப்பட்டவனுக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னால் நோர்வேக்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்களுக்குக் கடல் பார்ப்பதற்கு, இறங்குவதற்கு இல்லை. பேர்கனில் நகரசபை நீச்சல் குளத்தின் இயந்திர அறையில் வேலை கிடைத்தது. பம்புகளும் வடிகட்டிகளும் என் பொறுப்பு. ஊருக்கே நீந்தத் தண்ணீர் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு, நான் கரையோரமாக நடந்து வீட்டுக்குப் போவேன்.

மெலனி பள்ளிக்கூடத்தில் நீந்தப் படித்தாள். பதினாறு வயதில் சிலிண்டர் கட்டிக் கொண்டு மூழ்கப் படித்தாள். பத்தொன்பதில் தனி வீடு போனாள். அங்கே அது வழக்கம். சண்டை ஒன்றும் இல்லை, பெட்டிகளை நானேதான் நான்காம் மாடிக்குச் சுமந்தேன். அதன் பிறகு மாதத்தில் ஒரு நாள் வருவாள். இடியப்பம் சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள், போய்விடுவாள். தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும். மாதா கோயில் பூசைக்கு வருவது, பதின்வயதில் பெறும் உறுதிபூசுதல் சடங்கோடு நின்றது.

மகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் போகிற இடத்துக்கு நான்தான் போக வேண்டும் என்று ஒரு நாள் புத்தியில் பட்டது. அவள் போகிற இடம் கடலடி. நாற்பத்தெட்டு வயதில் முதலில் நீந்தவும், பிறகு மூழ்கவும் படித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமையில கடலுக்கு அடியில என்ன கோயிலா கட்டி வைச்சிருக்கு?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

முதல் பாடத்தில் குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் சரியா என்று ஆசிரியர் கையால் கேட்டார். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். உடனே என்னைப் பிடித்து மேலே கொண்டு போனார். திரும்பவும் இறங்கினோம். திரும்பவும் கேட்டார். திரும்பவும் பெருவிரல். திரும்பவும் மேலே. நாலு தடவை நடந்த பிறகுதான் விளங்கியது. தண்ணீருக்குள் பெருவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, பெருவிரல் நுனியைச் சுட்டுவிரல் நுனியில் தொட்டு வட்டம் காட்ட வேண்டும். அதுதான் ஓகே. ஒருவர் கேட்டால் மற்றவர் அதைக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் ஏதோ ஆபத்து என்று அவர் ஓடி வருவார்.

கரையில் நின்ற மெலனி வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தாள். அவள் சிறு பிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. நான் பதறும்போதெல்லாம் பக்கத்தில் வந்து, "அப்பா, மூஞ்சியை மெதுவா விடுங்க" என்று சொல்லித் தந்தாள். மூச்சு என்று சொல்ல வந்தவள். நான் திருத்தவில்லை. அவள் தமிழில் பேசியதே பெரிய காரியம்.

3

ஆறு வருடமாக இருவரும் சேர்ந்து மூழ்குகிறோம். பெரிய மீன்களில் எனக்கு ஆசை இல்லை. என் ஆசை மிகச் சின்னதுகளில். ஓடில்லாத கடல் நத்தைகள், கண்ணாடி போன்ற இறால்கள், பாசி இழையில் தொங்கும் பூச்சி போன்றவை. பல நேரம் வெறுங்கண்ணால் பார்த்தால் அது உயிரா தூசியா என்றே தெரியாது. அதற்குத்தான் கிளோசப் லென்ஸ்.

கமரா தண்ணீர் புகாத பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் முகத்தில், வெளிப்புறமாக, தடித்த வட்டக் கண்ணாடி ஒன்றைத் திருகிப் பூட்ட வேண்டும். பேப்பர் வாசிக்க அக்கா போடுகிற கண்ணாடி இருக்கிறதே, அதையே இன்னும் பலமடங்கு பவர் ஏற்றியது என்று வைத்துக் கொள்ளுங்கள். பூட்டினால் நாலு விரல் தூரத்தில் இருப்பது மட்டும் தெளியும். அதற்கு அப்பால் உலகமே கரைந்து போகும். தெளிவாகத் தெரிகிற ஆழம் நகத்தின் தடிப்பு அளவுதான். ஆகவே உடம்பையே மயிரிழை முன்னும் பின்னுமாக அசைத்து, மூச்சை மெல்ல அடக்கி, அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் படம் எடுக்கிறவன் குருடன். பக்கத்தில் யார் வருகிறார்கள், காலில் என்ன படுகிறது, ஒன்றும் தெரியாது. கூட வருகிறவர்தான் அவனுக்குக் கண். பேர்கனில் மெலனி எனக்குக் கண்ணாக இருந்தாள். அடுத்த கோடையில் அவள் மூழ்கல் ஆசிரியர் பரீட்சைக்குப் போக இருக்கிறாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து லென்ஸைத் தூக்கிப் பிடித்தார். "மே மொக்கத்த?" என்று சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று. நான் தமிழில் யோசித்துச் சிங்களத்தில் பதில் சொல்லப் போக, வாயில் வந்தது நோர்வேஜிய மொழி. அவர் பாஸ்போர்ட்டைத் திரும்பவும் கேட்டார். பிறந்த இடம் கொழும்பு. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒருவாறாகச் சிங்களம் வந்து, கடலுக்கடியில் அரிசி மணி அளவு பிராணிகளைப் படம் எடுக்க என்று விளக்கினேன். இவ்வளவு பெரிய பெட்டியா, அவ்வளவு சின்னதற்கா என்றார். மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மணித்தியாலம் போனது. மெலனி பெட்டியின் மேல் உட்கார்ந்து, "இது உங்கட ஊர்தானே அப்பா?" என்று கேட்டாள். ஓம், என் ஊர்தான்.

4

கல்கிசைக் கடற்கரையில் இருந்து படகில் அரை மணி நேரம். பல வருடங்களுக்கு முன் மூழ்கிப் போன பாரப்படகு ஒன்று பதினெட்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வழிகாட்டி ரொஷான் என்ற மட்டக்குளிப் பையன், முப்பது வயது இருக்கும், மீன்பிடிக் குடும்பம்.

"அங்கிள், அடியில பழைய வலை கிடக்கு. தங்கூசி வலை, நைலோன். தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாது. கத்தி இருக்கா?"

"இருக்கு," என்றேன். இருந்தது. வெள்ளவத்தையில், அக்காவின் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள். பேர்கனில் ஆறு பாகைக் குளிரில் அதைக் காலில் கட்டாமல் இறங்கவே மாட்டேன். இங்கே வெதுவெதுப்பான தண்ணீர், சொந்த ஊர்க் கடல், இதற்கெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவன் ஊரில் காட்டும் வீறாப்பு. இது முதல் பொய்.

கீழே தண்ணீர் பச்சையாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. எட்டு, பத்து மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை. மூழ்கிய பாரப்படகின் விளிம்பில் அந்தப் பழைய வலை போர்த்திக் கிடந்தது. வலையில் பாசி வளர்ந்து, பாசியில் நான் தேடி வந்தது இருந்தது. சோற்றுப் பருக்கையில் பாதி அளவு கடல் நத்தை. வெள்ளை உடம்பு, முதுகு நிறையச் செம்மஞ்சள் நுனி வைத்த முளைகள். வளைந்து வளைந்து முட்டை இட்டுக் கொண்டிருந்தது. லென்ஸைத் திருகிப் பூட்டினேன். கண்ணாடிக்கு இடையில் தங்கிய குமிழிகளை விரலால் தேய்த்து விரட்டினேன். பிறகு எனக்கு வேறொன்றும் தெரியாது.

முப்பது, நாற்பது படம் எடுத்திருப்பேன். படத்தின் மூலையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. குமிழி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. சரி, ஒரு சாண் பின்னால் போய்ப் பார்ப்போம் என்று அசைந்தேன்.

பின்னால் போக முடியவில்லை.

வலது காலை உதைத்தேன். இடது காலும் இறுகியது. திரும்பிப் பார்க்கப் புரண்டபோது முதுகில் இருந்த சிலிண்டரின் தலையும் மாட்டிக் கொண்டது. தங்கூசி அப்படித்தான், இழுக்க இழுக்க ஏறும். கையைக் காலடிக்குக் கொண்டு போனேன், கத்தி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். மிச்சக் காற்றைக் காட்டும் மானியைப் பார்த்தேன். முழுச் சிலிண்டர் என்றால் இருநூறு. ஐம்பதில் மேலே போகத் தொடங்க வேண்டும். எழுபது காட்டியது. நான் இழுக்கிற இழுவையில் கண் முன்னாலேயே அறுபத்தைந்தானது. மெலனியும் ரொஷானும் கொஞ்சத் தூரத்தில், படகின் மூலைப் பக்கம், மங்கலாகத் தெரிந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக் கொண்டிருந்தார்கள்.

5

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இருபது வயதாக இருந்த யுத்த காலத்தில் கொழும்பில் பஸ் ஏறினால் சோதனைச் சாவடி. இறக்குவார்கள். வரிசையில் நிற்க வேண்டும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கையைச் சட்டைப் பைக்குள் வைக்கக் கூடாது. ஒரு தடவை என் கையில் செபமாலை இருந்ததைக் கண்டு, என்ன ஒளிக்கிறாய் என்று ஒரு சிப்பாய் துவக்கின் முனையால் கையை விரிக்க வைத்தான். அதற்குப் பிறகு செபமாலையை வீட்டில் வைத்துவிட்டு விரலில் சொல்லப் பழகினேன். எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். கையைத் தொடையோரம் தொங்கவிட்டு, பெருவிரலால் ஒவ்வொரு விரல் கணுவாகத் தொட வேண்டும். சுட்டுவிரலில் மூன்று, நடுவிரலில் மூன்று, மோதிர விரலில் மூன்று, சுண்டுவிரலில் ஒன்று. பத்துத் தரம் 'அருள் நிறைந்த மரியே' என்ற மாதா செபம். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. பயந்தவனைத்தான் அவர்கள் தனியாக எடுப்பார்கள்.

கடலடியில் காலிரண்டும் கட்டுப்பட்டுக் கிடந்தபோது நான் செய்தது அதைத்தான். யோசித்துச் செய்யவில்லை. இழுப்பதை நிறுத்தினேன். கமரா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கண்ணை மூடினேன். இடது கை தானாகத் தொடையோரம் போனது. பெருவிரல் சுட்டுவிரல் நுனியில் போய் நின்றது. அருள் நிறைந்த மரியே. மூச்சு கொஞ்சம் இறங்கியது. அடுத்த கணு.

6

கண்ணைத் திறந்தபோது அவர்கள் இருந்த இடத்தில் யாரும் இல்லை. படகின் மூலை மட்டும் தெரிந்தது. மானியில் நாற்பத்தைந்து. அப்போது வந்த பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சாகப் போகிறேன் என்பது கூட இல்லை. மகள் என் உடம்பைக் கண்டெடுப்பாளே என்பதுதான் மனதில் நின்றது.

ரொஷான்தான் முதலில் வந்தான். பிறகு படகில் சொன்னான், படம் எடுக்கிற ஆட்களை அவன் ஒருபோதும் முகத்தை வைத்துப் பார்ப்பதில்லையாம், பிளாஷ் வெளிச்சத்தை வைத்துத்தான் பார்ப்பானாம். "வெளிச்சம் நிண்டிட்டு அங்கிள். கன நேரமா அடிக்கல்ல. அதான் திரும்பினன்." கத்தியால் காலிரண்டிலும் சுற்றிய வலையை அறுத்து, சிலிண்டர் தலையில் சுற்றியதை அறுத்தான். அவனுக்குப் பின்னால் மெலனி. என் மானியைத் திருப்பிப் பார்த்தாள். முப்பது. தன் உதிரி வாய்க்குழாயை என் வாயில் திணித்து, என் உடுப்பின் தோள்பட்டியை இறுகப் பிடித்தாள். மேலே வரும் வழியில், இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டாமல் இருக்க, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவள் கண் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அந்தக் கண்ணில் கோபம் இருந்ததா பயம் இருந்ததா என்று முகக் கண்ணாடிக்குள்ளால் தெரியவில்லை.

படகில் ஏறியதும் கேட்டாள்.

"நான் கேட்டனான். உங்களைப் பார்த்து ஓகேயா எண்டு கேட்டனான். நீங்க ஓகே காட்டினீங்க. அதுக்குப் பிறகுதான் ரொஷானோட மூலைக்கு அங்கால போனனான். காட்டினீங்களா இல்லையா?"

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்தது. அவள் கேட்டதை நான் காணவே இல்லை. கண்ணை மூடியிருந்தேன். அவள் கண்டது பெருவிரல் சுட்டுவிரல் நுனியைத் தொட்ட என் முதலாவது அருள் நிறைந்த மரியேயை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பிழையாகப் பார்த்தவள் ஆவாள். துணையை வலைக்குள் விட்டுவிட்டுப் போனவள் ஆவாள். பரீட்சைக்குப் போகிறவள் அதைச் சாகும்வரை சுமப்பாள். அவளுக்குக் காரணமே விளங்காது, என் செபம் அவளுக்குத் தெரியாது. ஒரு கணத்தில் முடிவெடுத்தேன்.

"ஓம். காட்டினன்."

"வலையில மாட்டிக் கொண்டு?"

"ஓம். நீ பயப்படுவாய் எண்டு..."

"அப்ப எனக்குப் பொய் சொன்னீங்க. தண்ணிக்குள்ள கை மட்டும்தான் பேச்சு. அந்தக் கையால பொய் சொன்னா, நான் எப்பிடி உங்களோட இறங்குறது? இனி இறங்க மாட்டன்."

ரொஷான் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் பார்த்து, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "உயிர் இருக்குத்தானே" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். மெலனி வாங்கவில்லை. கரை வரும்வரை படகின் மற்றப் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக் கொண்டிருந்தாள்.

7

மேலே உள்ளதை எழுதி முடித்தபோது பின்னேரம் நாலு மணி. அக்கா கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போயிருந்தாள். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

அறைக் கதவைத் திறந்து கொண்டு மெலனி வந்தாள். என் தாள்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மடிக்கணினியை வைத்தாள். மூழ்கும்போது அவள் மார்பில் சின்னக் கமரா ஒன்றைக் கட்டியிருப்பாள். அது எல்லாவற்றையும் பதிந்து கொண்டிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவளும் நாலு நாளாக அதைத் திறக்க மனமில்லாமல் இருந்திருக்கிறாள்.

பச்சைத் தண்ணீர். தூரத்தில் நான். கீழே விழுந்து கிடந்த என் கமராவில் பிளாஷ் அல்லாமல் குவியம் பார்க்க எரியும் சின்ன விளக்கு நேராக என் இடது கையில் அடித்துக் கொண்டிருந்தது. மெலனியின் கை திரையில் வந்து ஓகேயா என்று கேட்டது. என் பெருவிரல் சுட்டுவிரல் நுனியில். அவளுடைய கை கீழே இறங்கியது. அவள் நிறுத்தினாள்.

"இந்த இடத்திலதான் நான் திரும்பினனான். நாலு நாளா இதை மட்டும்தான் நினைச்சுக் கொண்டிருந்தனான். ஆனா நான் தலையை மட்டும் திருப்பி ரொஷானோட சைகையில கதைச்சனான். உடம்பு கொஞ்ச நேரம் உங்கட பக்கம் நிண்டிருக்கு. பாருங்க."

ஓடவிட்டாள். திரையின் ஓரத்தில், பெரிதாக்கி, என் கை. பெருவிரல் இறங்கியது. நடுக்கணு. அடிக்கணு. நடுவிரலின் நுனி.

"ஓகே எண்டா கை நிக்கும். இது நடக்குது. நான் எண்ணினன். பத்து இடம். பத்துக்குப் பிறகு நிக்குது." நோர்வேஜிய மொழிக்குத் தாவாமல், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள். "இது ஓகே இல்ல. என்ன இது, அப்பா?"

"செபம்," என்றேன். "அருள் நிறைந்த மரியே. பத்துத் தரம். செபமாலை இல்லாட்டி விரலில சொல்றது."

அவள் தன் கையைத் தூக்கி, பெருவிரலைச் சுட்டுவிரல் நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் கேட்டதை நீங்க காணவே இல்ல."

"இல்ல."

"ஏன் காட்டினனான் எண்டு சொன்னீங்க?"

"நீ பிழை விட்டிட்டாய் எண்டு நினைச்சு உடைஞ்சு போவாய். எனக்கு அது..."

அவள் அழத் தொடங்கினாள். பத்து வயதில் அழுகிற மாதிரி, மூக்கெல்லாம் ஓட. தேற்றலாம் என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"மாதா உங்களுக்கு எத்தினை மீட்டர் தள்ளி நிண்டவ?" என்று கேட்டாள்.

"மாதாவா?" என்றேன்.

"சொல்லுங்க. எத்தினை மீட்டர்? நான் எட்டு மீட்டர் தள்ளித்தான் நிண்டனான். எட்டு! என்னட்ட விளக்கு இருந்தது, கத்தி இருந்தது, காத்து இருந்தது. உங்களுக்குக் கையும் இருந்தது. அந்தக் கையால என்னைக் கூப்பிடாம அவவைக் கூப்பிட்டீங்க. செபம் சொல்லுங்க, நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல. முதல்ல என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து அறுக்கிற நேரத்தில அவவோட கதையுங்க."

இருபது வயதிலிருந்து, பயம் வந்தால் அதை வெளியே தெரியாமல் கைக்குள் அடக்கிப் பழகியவன் நான். பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடலாம் என்பது எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சோதனைச் சாவடி வரிசையில் பக்கத்தில் நின்றவரும் அந்த நாளில் என்னைப் போலத்தான் நின்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக் கொண்டு எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிரச்சினை எண்டா என்ன சைகை? காட்டுங்க."

உள்ளங்கையைக் கீழே விரித்து, இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன்.

"கை கீழ இருக்கு. யாருக்குத் தெரியும்? மேல தூக்குங்க. என்னைப் பார்த்துச் செய்யுங்க."

தூக்கினேன். அவளைப் பார்த்துச் செய்தேன்.

"திரும்ப," என்றாள்.

பத்துத் தரம் செய்ய வைத்தாள்.